வந்தே பாரத் காலத்தில் மலை ரயிலுக்கு என்ன வேலை?

குன்னூரிலிருந்து ஓர் அன்பர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது: கோவையிலிருந்து சென்னைக்கு வந்தே பாரத் ஓடுகிறது, மும்பைக்கும் அகமதாபாத்துக்கும் இடையே புல்லட் ரயிலுக்குப் பாதை அமைகிறது, இந்தக் காலத்தில் மணிக்கு 13 கிலோமீட்டர் வேகத்தில் ஏறும் நீலகிரி மலை ரயிலுக்குச் சுற்றுலாப் பயணிகளை மகிழ்விப்பதைத் தவிர வேறு எதிர்காலம் உண்டா? அதை மின்சாரத்துக்கோ ஹைட்ரஜனுக்கோ மாற்ற முடியுமா? அகலப்பாதையாக்கி நேராக ஊட்டிக்கு ரயில் விடக் கூடாதா? கொடைக்கானலுக்கு மட்டும் ஏன் ரயில் வரவில்லை?

கேள்விகள் நான்கானாலும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது சரிவு. ரயில்வேயின் வரலாற்றை வேகத்தின் வரலாறாகவே நாம் படித்துப் பழகிவிட்டோம். மலையில் வாழ்பவர்கள் அதைப் பிடிமானத்தின் வரலாறாகப் படித்தால் விடைகள் தெளிவாகும்.

இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருளும்போது உராய்வு மிகக் குறைவு. சாலையில் ஒரு லாரி இழுப்பதைவிடப் பல மடங்கு பாரத்தை அதே சக்தியில் ரயில் இழுப்பதற்குக் காரணம் அதுதான். 1825இல் இங்கிலாந்தில் ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதையில் நீராவி எஞ்சின் வண்டிகளை இழுத்ததும், 1853இல் பம்பாயிலிருந்து தாணேக்கு முதல் பயணிகள் ரயில் புறப்பட்டதும், 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குத் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் போனதும் இந்த ஒரே சலுகையை நம்பித்தான். ஆனால் சமவெளியில் வரமாக இருக்கும் அதே வழுக்கல் மலையில் சாபமாகிவிடும். ஏற்றம் நாற்பதுக்கு ஒன்று என்ற அளவைத் தாண்டினால், அதாவது நாற்பது மீட்டர் தூரத்துக்கு ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்தால், பாரமுள்ள வண்டியை இழுக்கும் எஞ்சினின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்கும் அபாயம் உண்டு. மழையும் பனிமூட்டமும் தண்டவாளத்தில் விழுந்த இலைகளும் சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். சிறிய வண்டிகளைக் கொண்டு டார்ஜிலிங்கிலும் சிம்லாவிலும் இதைவிடச் செங்குத்தாக ஏறியிருக்கிறார்கள். அங்கும் வளையங்களும் முன்னும்பின்னுமாக ஏறும் திருப்பங்களும் நெடும் வளைவுகளும் தேவைப்பட்டன.

மதராஸ் ரயில்வே 1873இல் மேட்டுப்பாளையத்தை எட்டியபோது அதற்கு அப்பால் இருந்தது இந்தச் சிக்கல்தான். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர் உயரம். குன்னூர் 1,700 மீட்டருக்குச் சற்று மேல். ஊட்டி நிலையம் 2,203 மீட்டர். மலைக்கு ரயில் வேண்டும் என்ற பேச்சு 1854இலேயே எழுந்துவிட்டது. கயிற்றால் இழுக்கும் திட்டம் ஒன்று பேசப்பட்டுக் கைவிடப்பட்டது. சுவிட்சர்லாந்தில் 1871இல் ரிகி மலைக்குப் பல்சக்கர ரயில் அமைத்துப் புகழ்பெற்ற நிக்லவுஸ் ரிக்கன்பாக் 1882இல் நீலகிரிக்கு வந்து மதிப்பீடு தயாரித்துக் கொடுத்தார். 1891இல் ஆளுநர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். தொடங்கிய நிறுவனம் 1894இல் நொடித்துப் போனது. 1896இல் இன்னொரு நிறுவனம் அந்த வேலையை எடுத்துக்கொண்டு 1899 ஜூன் மாதம் குன்னூர் வரை ரயில் விட்டது. 1903இல் அரசே அதை வாங்கியது. 1908 அக்டோபரில் பாதை ஊட்டியை அடைந்தது. தனியார் முதலீட்டால் லாபம் பார்க்க முடியாமல் அரசின் கைக்குப் போன பாதை இது என்பதை, இன்று அதன் நஷ்டக் கணக்கைப் பற்றிப் பேசுபவர்கள் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் இந்தப் பாதையின் உயிர்நாடி தொடங்குகிறது. அங்கிருந்து குன்னூர் வரை ஏற்றம் பன்னிரண்டுக்கு ஒன்று. இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டப்பட்ட இரண்டு எஃகுப் பட்டைகள் அருகருகே ஓடுகின்றன. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வருமாறு அவற்றைத் தள்ளிப் பொருத்தியிருப்பார்கள். எஞ்சினுக்கு அடியில் சுழலும் பல்சக்கரங்களில் எந்தக் கணத்திலும் ஒரு பல்லாவது முழுப் பிடிப்பில் இருக்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. ரிக்கன்பாக்கிடம் பணியாற்றிய ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. இந்தியாவில் பல்சக்கரத்தால் ஏறும் ரயில் இது ஒன்றுதான்.

பாதை முழுவதும் ஏறக்குறைய 46 கிலோமீட்டர். அதில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 சுரங்கங்கள். ஏறும்போது எஞ்சின் பெட்டிகளுக்குக் கீழ்ப்புறமாக நின்று தள்ளிக்கொண்டு போகும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் எஞ்சினைவிட்டு உருண்டோடிவிடக் கூடாது என்பது காரணம். எஞ்சின் பின்னால் இருப்பதால் ஓட்டுநருக்கு முன்வழி தெரியாது. ஆகவே ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். முதல் பெட்டியில் நிற்பவர் பாதையைப் பார்த்துக் கொடியசைக்க, அடுத்தடுத்த பெட்டிக்காரர்கள் அதையே வாங்கிப் பின்னுக்கு அனுப்புவார்கள். கற்கள் விழுந்து கிடக்கின்றனவா, யானை நிற்கிறதா என்பதெல்லாம் இந்தக் கொடிகள் வழியாகத்தான் ஓட்டுநரை அடைகின்றன.

அந்த எஞ்சினைப் பற்றியும் சொல்ல வேண்டும். ‘எக்ஸ்’ வகை என்று அழைக்கப்படும் இவற்றை 1914 தொடங்கி 1952 வரை சில தொகுதிகளாகச் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் ஆலை செய்து அனுப்பியது. சமதளத்தில் ஓடும்போது, நீராவி தள்ளும் உருளைகளில் (சிலிண்டர்களில்) கீழ்வரிசையிலுள்ள இரண்டு மட்டும் வேலை செய்யும். கல்லாறில் பல்பாதைக்குள் நுழைந்ததும், கீழ்வரிசையில் ஒருமுறை வேலை செய்து வெளியேறும் நீராவி வீணாகப் போகாமல் மேல்வரிசை உருளைகளுக்குள் நுழைந்து பல்சக்கரங்களைச் சுழற்றும். குன்னூர் நிலையத்துக்குள் வரும் வண்டியின் பக்கவாட்டைக் கவனித்தவர்கள், மேல்வரிசைத் தண்டுகள் கீழ்வரிசையைவிட வேகமாக அசைவதைப் பார்த்திருப்பார்கள். இறங்கும்போது இன்னொரு நுட்பம்: உருளைகள் நீராவிக்குப் பதிலாகக் காற்றை உள்ளிழுத்து அழுத்தி, எஞ்சினையே பிரேக்காக மாற்றிவிடும். பிரேக் கட்டைகள் மட்டும் அத்தனை தூரம் தேய்ந்துகொண்டு வந்தால் சூட்டில் பிடிப்பை இழந்துவிடும்.

ஆக, வேகம் குறைவு என்பதால் இந்தத் தொழில்நுட்பம் பழையது என்று முடிவுகட்டுவது சரியன்று. தன் சிக்கலுக்கு முழுமையான விடையைக் கண்டுபிடித்துவிட்டதால் இது மாறாமல் நிற்கிறது. சமவெளி ரயிலின் கதை வேறு. நீராவியிலிருந்து டீசலுக்கும், டீசலிலிருந்து மின்சாரத்துக்கும் அது மாறியபோது ஒவ்வொரு மாற்றமும் பாரத்தையும் வேகத்தையும் கூட்டியது. 1964இல் ஜப்பானின் ஷின்கான்சென் மணிக்கு 210 கிலோமீட்டரைத் தொட்டது. 2019இல் ஓடத் தொடங்கிய வந்தே பாரத், நம் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையான ஐசிஎஃப்பில் உருவாகி, சோதனை ஓட்டத்தில் 180ஐத் தொட்டது. அந்த வண்டியில் எஞ்சின் என்று தனியாக ஒன்று கிடையாது. பல பெட்டிகளுக்கு அடியில் மோட்டார்கள் பரவியிருப்பதால் அதிகச் சக்கரங்கள் தண்டவாளத்தைப் பிடித்துக்கொள்கின்றன, வண்டி சட்டென்று வேகமெடுக்கிறது. அதுவும் பிடிமானக் கணக்குதான். 2015இல் மணிக்கு 603 கிலோமீட்டர் வேகத்தை எட்டிய ஜப்பானின் காந்த ரயில் சக்கரத்தின் பிடிப்பையே நம்பாமல் காந்தப்புலத்தால் தள்ளப்பட்டு ஓடுகிறது. சக்கரத்தின் உராய்வை மட்டும் நம்பக் கூடாது என்ற முடிவுக்கு, நேர் எதிரான தேவையிலிருந்து, நம் மலைப்பாதை 1899இலேயே வந்துவிட்டது.

அகலப்பாதைக் கேள்விக்கு வருவோம். மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உள்ள உயர வேறுபாடு சுமார் 1,870 மீட்டர். நாற்பதுக்கு ஒன்று என்று ஏறினாலே 75 கிலோமீட்டர் பாதை வேண்டும். விரைவு வண்டிகளுக்கு உகந்த எண்பதுக்கு ஒன்று என்றால் அது 150 கிலோமீட்டராகும். வளைவுகள் பெரிதாக இருக்க வேண்டும், சுரங்கங்களும் பாலங்களும் அதற்கேற்பப் பெருகும். காஷ்மீர்ப் பாதையில் ஆற்றுமட்டத்திலிருந்து 359 மீட்டர் உயரத்தில் செனாப் பாலத்தைக் கட்டிய நாட்டுக்கு இது முடியாத காரியமன்று. ஆனால் அங்கே ஒரு பெரும் பள்ளத்தாக்கை நாட்டின் மற்ற பகுதிகளோடு இணைக்கும் அவசியம் இருந்தது. இங்கே 1986இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட காட்டைக் குடைந்து, ஏற்கெனவே நெரிசலில் திணறும் ஊருக்கு இன்னும் ஆயிரக்கணக்கானவர்களைக் கொண்டுவந்து கொட்டுவதற்காக அதைச் செய்வது பொறியியல் ஆகாது, பிடிவாதம்தான். 2005இல் டார்ஜிலிங் பாதையோடு சேர்த்து யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றிருப்பதால் பாதையைப் பெயர்க்கும் பேச்சுக்கும் இடமில்லை.

எரிசக்திக் கேள்விதான் உண்மையில் சுவையானது. முதலில் நிலக்கரியில் ஓடிய எஞ்சின்கள் சிலவற்றை எண்ணெயில் எரியும்படி மாற்றினார்கள். கோடையில் தீப்பொறி பறந்து காடு பற்றிக்கொள்ளும் அச்சம் அதற்கு ஒரு காரணம். பிறகு திருச்சி பொன்மலைப் பணிமனை பழைய வடிவத்திலேயே புதிய எண்ணெய் எஞ்சின்களையும், அண்மைக் காலத்தில் நிலக்கரி எஞ்சினையும் செய்து கொடுத்திருக்கிறது. இந்தப் பாதையைப் போலத் தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் அகலமுள்ள மீட்டர்கேஜ் பாதைகள் நாடெங்கும் அகலப்பாதைகளாகிவிட்ட நிலையில் உதிரிபாகம் கடையில் வாங்கும் பொருளாக இல்லை. ஒரு பல்சக்கரம் தேய்ந்தால் அதை வார்த்துக் கடைந்து தரக்கூடிய கைகள் எங்காவது இருந்தாக வேண்டும். இந்த ரயிலின் எதிர்காலத்தைப் பற்றி நான் கவலைப்படுவதானால், எரிபொருளைவிடப் பொன்மலையிலும் குன்னூர் லோகோ ஷெட்டிலும் வேலை கற்றுக்கொள்ளும் இளைஞர்களின் எண்ணிக்கையைப் பற்றித்தான் கவலைப்படுவேன்.

பாரம்பரியப் பாதைகளில் ஹைட்ரஜன் ரயில் விடும் திட்டத்தை ரயில்வே 2023இல் அறிவித்தது; அந்தப் பட்டியலில் நீலகிரியும் இருந்தது. இதில் எனக்கு நம்பிக்கையில்லை. சிறு கணக்கொன்று போட்டுப் பார்க்கலாம். வண்டியின் மொத்த எடையை 100 டன் என்று வைத்துக்கொண்டால், கல்லாறிலிருந்து குன்னூருக்கு 1,300 மீட்டர் தூக்க உராய்வு நீங்கலாகச் சுமார் 350 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வேலை தேவை. குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் தூக்க 140 யூனிட்கூட ஆகாது. தமிழ்நாட்டில் ஒரு வீட்டுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரப்படும் 100 யூனிட்டோடு ஒப்பிட்டால், இது எவ்வளவு சிறிய தொகை என்பது விளங்கும். மின்சாரத்தைக் கொண்டு ஹைட்ரஜனைத் தயாரித்து, அழுத்தி, மலையேற்றி, மறுபடி அதிலிருந்து மின்சாரம் எடுத்தால் முதலில் செலவிட்டதில் மூன்றில் ஒரு பங்கு தேறினால் பெரிது. நெடுந்தூரம் மின்கம்பியில்லாமல் ஓட வேண்டிய பாதைக்கு அந்த நஷ்டம் தகும். 46 கிலோமீட்டருக்குத் தகாது.

மின்கம்பி இழுப்பது பொறியியல்படி மிகச் சரியான வழி. ரிகி மலைப்பாதை 1937இலேயே மின்மயமாகிவிட்டது. இறங்கும் வண்டியின் மோட்டார்கள் மின்சாரம் உற்பத்தி செய்து ஏறும் வண்டிக்குக் கொடுத்துவிடும். பைக்காரா நீர்மின்நிலையம் 1930களின் தொடக்கத்திலிருந்து நீலகிரி நீரில் மின்சாரம் எடுத்துக் கோவை ஆலைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தபோது, அதே மலையின் ரயில் வெகுதூரத்திலிருந்து வந்த நிலக்கரியை எரித்துக்கொண்டிருந்தது என்பது நம் வரலாற்றின் வினோதங்களில் ஒன்று. இருந்தும் இன்று கல்லாறு–குன்னூர் பகுதியில் கம்பங்கள் நட்டால் சுரங்கங்களை அகழ வேண்டும், காட்டின் விளிம்பை வெட்ட வேண்டும், பாரம்பரியத் தகுதிக்கும் ஊறு நேரும். ஆகவே என் தீர்ப்பு இது: பல்பாதையில் நீராவி இருக்கட்டும். நீராவி எஞ்சின் எரிபொருளின் வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றுவதில்லை என்பது உண்மையே. ஆனால் நாளொன்றுக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய ஓட்டங்களுக்கு அது பெரிய பாவமில்லை. சுவிட்சர்லாந்தின் பிரியன்ஸ் ரோட்ஹார்ன் மலைப்பாதை 1990களில், அதே ஆப்ட் முறையில், எண்ணெயில் எரியும் புதிய நீராவி எஞ்சின்களையே வாங்கியது. செலவும் ஆட்களும் குறையுமாறு அவற்றை வடிவமைத்திருந்தார்கள்.

குன்னூருக்கு மேலே நிலைமை வேறு. ஊட்டி வரையிலான 18 கிலோமீட்டரில் பல்பட்டை கிடையாது. டீசல் எஞ்சின்தான் பெரும்பாலும் இழுக்கிறது. வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று வழியெங்கும் குடியிருப்புகள், படைமுகாம், வெடிமருந்துத் தொழிற்சாலை, பள்ளிகள். இங்கே மின்கலத்தில் ஓடும் சிறிய ரயில் இன்றே சாத்தியம். மேலே சொன்ன 140 யூனிட்டோடு உராய்வும் இழப்பும் சேர்த்தாலும், ஒரு மின்பேருந்தின் மின்கலத்தில் அடங்கும் அளவுதான் அது. இறங்கும்போது அதில் ஒரு பகுதி திரும்பவும் கிடைக்கும். காலையும் மாலையும் பணிக்கும் பள்ளிக்கும் போகிறவர்களுக்காக அடிக்கடி ஓடும் வண்டியாக அது இருக்க வேண்டும். 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம்; 2025இல் கோடைக்கால வாகன எண்ணிக்கைக்கு வரம்பும் வந்தது. சாலை நிறைந்துவிட்டது என்று உயர்நீதிமன்றமே சொன்ன பிறகும், பக்கத்திலேயே பெரும்பாலான நேரம் சும்மா கிடக்கும் தண்டவாளத்தை உள்ளூர் மக்களுக்குப் பயன்படுத்தாமல் இருப்பது எனக்கு விளங்கவில்லை.

எந்த எஞ்சின் ஓடினாலும் மலைச்சரிவு பிடித்து நிற்க வேண்டும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண்சரிவுகள் நாற்பதுக்கும் மேற்பட்டவர்களின் உயிரைப் பறித்தபோது ரயில்பாதையும் பல இடங்களில் அறுந்து, மாதக்கணக்கில் வண்டி ஓடவில்லை. வடகிழக்குப் பருவமழை வந்தாலே பாதை சில நாட்களாவது மூடப்படுவது இப்போது வாடிக்கையாகிவிட்டது. கேங்மேன்கள் மழையிரவில் கைவிளக்கோடு நடந்து பாறைகளையும் மதகுகளையும் பார்த்துவிட்டு வந்து சொல்வதுதான் இன்றளவும் முதல் எச்சரிக்கை. மண்ணின் ஈரத்தையும் சரிவின் அசைவையும் அளந்து செய்தி அனுப்பும் கருவிகள் இன்று உலகெங்கும் கிடைக்கின்றன. ஹைட்ரஜனுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை மதகுகளைத் தூர்வாருவதற்கும் இக்கருவிகளுக்கும் ஒதுக்கினால் வண்டி ஓடும் நாட்கள் கூடும். தடுப்புச்சுவர் கட்டும்போது யானையையும் எண்ண வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் கல்லாறுக்கு மேலே பாதையோரம் எழுப்பிய சுவரால் யானைக்கூட்டம் கடக்க வழியின்றித் தண்டவாளத்திலேயே அலைந்த காட்சி வெளியானதும், அதை இடிக்க வேண்டியதாயிற்று.

கடைசியாகக் கொடைக்கானல். திருச்சியிலிருந்து தெற்கே சென்ற பாதை 1875இல் அம்மையநாயக்கனூரைத் தொட்டது. நாம் கொடைரோடு என்று அழைக்கும் நிலையம் அதுதான். அங்கிருந்து மலைக்கு ரயில் ஏறாமல் போனதற்குக் காரணம் சரிவன்று, காலம். ஊட்டி மதராஸ் மாகாணத்தின் கோடைத் தலைநகர். வெலிங்டனில் படை இருந்தது, அரவங்காட்டில் தொழிற்சாலை வந்தது. கொடைக்கானல் மிஷனரிகளும் ஓய்வுக்கு வருபவர்களும் தங்கிய அமைதியான ஊர். அதற்கான பணமும் தேவையும் சேரும் முன்னரே மோட்டார் வண்டி வந்துவிட்டது. வத்தலகுண்டு வழியாக மலைச்சாலை அமைந்த பிறகு ரயிலுக்குச் செலவிட யாரும் முன்வரவில்லை. பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் தண்டவாளத்தில் ஏறும் வண்டி அறவே இல்லை என்றும் சொல்ல முடியாது: பழனி முருகன் கோயிலுக்குப் பக்தர்களை ஏற்றிச் செல்லும் விஞ்ச், கயிற்றால் இழுக்கப்படும் ரயில்தான். நீலகிரியில் கைவிடப்பட்ட கயிற்று யோசனை, குட்டை உயரத்துக்கு எவ்வளவு பொருத்தம் என்பதை அது 1960களிலிருந்து காட்டிக்கொண்டிருக்கிறது.

கொடைக்கானலுக்கு இனி மலை ரயில் வராது. வர வேண்டியதும் இல்லை. கொடைரோட்டில் வந்து நிற்கும் ஒவ்வொரு விரைவு வண்டிக்கும் நிலைய வாசலில் ஒரு பேருந்து காத்திருக்கட்டும். ரயில் சீட்டோடு சேர்த்து அந்தப் பேருந்துக்கும் இருக்கை பதியும் வசதி வந்துவிட்டால், வத்தலகுண்டு மலைச்சாலையில் ஏறும் கார்களில் கணிசமானவை திண்டுக்கல்லுக்கு வடக்கேயே நின்றுவிடும்.